டூயல் 1219: நின்றுபோன தானியங்கி டர்ன்டேபிளை வீட்டிலேயே ஓட வைக்கும் முறை

பரணில் பல வருடம் கிடந்த, இசைத்தட்டுகளைத் தானாக வாசிக்கும் தானியங்கி டர்ன்டேபிளைக் கீழே இறக்கித் தூசி தட்டி மின்சாரம் கொடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் மோட்டார் முனகும், சுழல்தட்டு தயங்கித் தயங்கிச் சுற்றும், ஊசியைத் தாங்கும் கையான ஆர்ம் பாதி உயரம் எழும்பி அப்படியே நின்றுவிடும். உடனே பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டிப் பழைய சாமான் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். என் கைக்கு வந்த இயந்திரங்களில் உண்மையாகவே பாகம் உடைந்திருந்தவை மிகச் சில. மற்றவற்றில் நடந்திருந்தது ஒன்றுதான்: தொழிற்சாலையில் தடவிய கிரீஸ் ஐம்பது ஆண்டுகளில் காய்ந்து, வேப்பம்பிசின்போல இறுகி, அசைய வேண்டிய ஒவ்வொரு நெம்புகோலையும் அதனதன் இடத்தில் ஒட்டிப் பிடித்திருந்தது. ஆகவே இந்த வேலையில் முக்கால் பங்கு சுத்தம் செய்வதுதான். எதையும் வளைக்கவோ மாற்றவோ தொடங்குமுன் எல்லாவற்றையும் சுத்தம் செய்து முடித்துவிட வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக டூயல் 1219 என்ற மாடலைக் கொள்கிறேன். ஜெர்மனியின் கறுங்காட்டுப் பகுதியில், கடிகாரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சாங்க்ட் கேயோர்கன் ஊரில், ஸ்டைடிங்கர் சகோதரர்கள் 1907இல் தொடங்கிய நிறுவனம் இதைச் செய்தது. மின்சாரத்திலும் ஸ்பிரிங் முறுக்கத்திலும் ஓடக்கூடிய இரட்டை மோட்டாரை 1927இல் அவர்கள் வெளியிட்டதிலிருந்துதான் டூயல் என்ற பெயர் நிலைத்தது. 1960களின் இறுதியில் வந்த 1219இன் சுழல்தட்டு மட்டுமே 3 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. 33⅓, 45, 78 ஆகிய மூன்று வேகங்களிலும் இது ஓடும். தனி இசைத்தட்டையும் வாசிக்கும், நீள அச்சைப் பொருத்தினால் அடுக்கி வைத்த இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே விட்டும் வாசிக்கும். இதற்கு முன்பு வந்த 1019க்கும் பின்பு வந்த 1229க்கும் கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி பொருந்தும். அதே காலத்து காரார்ட், பிஎஸ்ஆர் நிறுவனங்களின் தானியங்கிகளிலும் அடிப்படைத் தத்துவம் இதுவேதான்.

இயந்திரத்தைத் திறக்குமுன் அது எந்த நாட்டு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். ஜெர்மனியிலிருந்து வந்தது என்றால் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக இருக்கும், நம் ஊருக்குக் கவலையில்லை. அமெரிக்காவிலிருந்து யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது என்றால் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸாக இருக்கும். வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி மாட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்வெண்ணை மாற்றாது. மோட்டாரின் வேகம் அதிர்வெண்ணைச் சார்ந்தது என்பதால், 60 ஹெர்ட்ஸுக்கான கப்பி 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது 33⅓ சுற்று ஏறத்தாழ 27¾ ஆகக் குறைந்து, பாடகர் குரல் கனத்து இழுபடும். இதற்கு ஒரே வழி 50 ஹெர்ட்ஸுக்குரிய மோட்டார்க் கப்பியைத் தேடி வாங்கிப் பொருத்துவதுதான்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. சிறிய, நடுத்தரத் திருப்புளிகள், மூக்குக் குறடு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காது குடையும் பட்ஸ், பழைய டூத் பிரஷ், நுண்ணிய உப்புத்தாள், தையல் மெஷின் எண்ணெய், சிறு டப்பி வெள்ளை லித்தியம் கிரீஸ் ஆகியவை போதும். தேங்காய் எண்ணெயையும், துருவை இளக்குவதற்காக விற்கும் ஸ்பிரேயையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். முன்னது சில மாதங்களில் சிக்கு பிடித்துப் பிசுபிசுக்கும். பின்னது அன்றைக்கு இளக்கிவிட்டு, பிறகு காய்ந்து பழைய நிலையைவிட மோசமாக ஒட்டும், அதோடு ரப்பர் சக்கரத்தின்மேலும் படியும். வீட்டில் யாரோ நல்லெண்ணத்தில் ஊற்றிய தேங்காய் எண்ணெயைச் சுரண்டி எடுக்கவே எனக்கு ஒருமுறை இரண்டு மாலைகள் தேவைப்பட்டன.

பிளக்கைப் பிடுங்கிய பிறகு முதலில் ஆர்மின் முனையிலுள்ள, ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜைக் கழற்றி ஒரு சிமிழில் பத்திரப்படுத்துங்கள். ஊசி ஒடிந்தால் மற்ற எல்லா உழைப்பும் வீணாகிவிடும். அடுத்து ரப்பர் விரிப்பை எடுத்தால், நடு அச்சைச் சுற்றி வாய் திறந்த கம்பி வளையம் தெரியும். அதை ஒரு கையால் மூடிக்கொண்டு மறு கையால் திருப்புளி கொண்டு நெம்புங்கள், ஏனென்றால் மூடாமல் நெம்பினால் அது தெறித்து அறையின் எந்த மூலையில் விழுந்தது என்றே தெரியாமல் போய்விடும். இப்போது சுழல்தட்டை இரு கையாலும் நேராக மேலே தூக்கலாம். அச்சின் அடியில் குண்டுகள் பதித்த வளையமும் அதன் மேலும் கீழும் வாஷர்களும் இருக்கும். அவற்றின் வரிசையைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் சுழல்தட்டு உரசும், அல்லது உறுமும்.

அடிச்சட்டம் மரப்பெட்டியில் ஸ்பிரிங்குகள்மேல் மிதக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பயணத்தின்போது அது ஆடாமலிருக்க இரண்டு போக்குவரத்துத் திருகுகள் உண்டு. அவற்றை விடுவித்து, சட்டத்தைச் சாய்த்து வெளியே எடுத்து, ஆர்மை அதன் தாங்கியில் பூட்டி, பின் எடைக்கட்டியைக் கழற்றிவிட்டு, தலைகீழாக நிறுத்துங்கள். தடித்த புத்தகங்களை இரண்டு அடுக்காக வைத்து அவற்றின்மேல் ஓரங்களை மட்டும் தாங்க விடலாம். நான் நான்கு மரக்கட்டைகளை ஒரே உயரத்தில் அறுத்து வைத்திருக்கிறேன், இந்த ஒரு வசதி வேலையைப் பாதியாகக் குறைக்கிறது.

ஒரு சுற்றைக் கையால் ஓட்டிப் பாருங்கள்

இனி வரும் அரை மணி நேரத்தில் எதையும் கழற்ற வேண்டாம், பார்த்தால் மட்டும் போதும். சுழல்தட்டின் குடத்தில் ஒரு சிறு பற்சக்கரம் இருக்கிறது. அதன் அருகே பெரிய கேம் சக்கரம் ஒன்று இருக்கும். அதன் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பற்கள் வெட்டப்படாமல் விடப்பட்டிருக்கும். இசைத்தட்டு பாடிக்கொண்டிருக்கும்போது சிறு பற்சக்கரம் அந்த வெற்றிடத்துக்கு எதிரேதான் சுற்றுகிறது, அதனால் கேம் சக்கரம் அசைவதில்லை. தொடக்க நெம்புகோலை நகர்த்தும்போதோ, பாட்டு முடியும்போதோ கேம் சக்கரம் சற்றே தள்ளப்பட்டு, அதன் பல் சிறு பற்சக்கரத்தில் சிக்குகிறது. அவ்வளவுதான், அதன் பிறகு ஒரு முழுச் சுற்று அது தானாகவே சுற்றி, மீண்டும் வெற்றிடம் வந்ததும் நின்றுவிடுகிறது. அந்த ஒரு சுற்றுக்குள்தான் ஆர்ம் எழுவதும், பக்கவாட்டில் நகர்வதும், இறங்குவதும் எல்லாம் நடந்து முடிகின்றன. கேமின் அடியில் வெட்டியிருக்கும் வளைந்த பள்ளத்தில் ஓடும் முதன்மை நெம்புகோல்தான் இவற்றையெல்லாம் செய்கிறது. தனி மோட்டாரோ மின்னணுப் பாகமோ எதுவும் கிடையாது. மோட்டாரால் சுற்றும் சுழல்தட்டுதான் முழு வேலைக்கும் சக்தி கொடுக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால், எந்த இடத்தில் ஒட்டினாலும் முழு இயந்திரமும் ஏன் நின்றுபோகிறது என்பதும் புரியும். சுழல்தட்டைத் தற்காலிகமாகப் பொருத்தி, தொடக்க நெம்புகோலைத் தள்ளி, சுழல்தட்டைக் கையால் மெல்ல, மேற்பக்கத்திலிருந்து பார்க்கும்போது கடிகாரத் திசையாக வரும்படி சுற்றுங்கள். எங்கே விரலுக்குக் கனம் தெரிகிறதோ அங்கேயே நிறுத்தி, அந்த நேரத்தில் எந்த நெம்புகோல் அசைய முயல்கிறது என்று பாருங்கள். பலம் கொடுத்துத் தாண்ட வேண்டாம். கேமின் பல் உடைந்தால் அதற்கு மாற்றுக் கிடைப்பது கடினம்.

சுத்தம் செய்யும்போது ஒவ்வொரு நெம்புகோலாகக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அனைத்தையும் ஒரே நேரத்தில் கழற்றித் தாம்பாளத்தில் குவித்தால், எந்த ஸ்பிரிங் எந்தக் கொக்கியில் மாட்டியிருந்தது என்ற குழப்பத்திலேயே ஒரு வாரம் கழிந்துவிடும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ இறுகிய கிரீஸை மரக்குச்சியால் சுரண்டி, மிச்சத்தை ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்து எடுங்கள். வேகம் மாற்றும் நெம்புகோலின் அச்சும், கேம் சக்கரத்தின் அச்சும், ஆர்மைத் தூக்கி இறக்கும் கியூ நெம்புகோலும்தான் அதிகமாக ஒட்டுபவை. சுத்தமான பிறகு உலோகத்தின்மேல் உலோகம் வழுக்கும் இடங்களில் மட்டும் லித்தியம் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். கண்ணுக்குத் தெரியுமளவு தடவினால் அது அதிகம் என்று பொருள்.

ஒரே ஓர் இடத்தில் எண்ணெயும் கூடாது, கிரீஸும் கூடாது. பாட்டு முடிந்ததை இயந்திரம் அறிந்துகொள்ளும் இடம் அது. ஆர்ம் உள்நோக்கி நகர நகர, உராய்வினால் மட்டும் பற்றி நிற்கும் ஒரு மெல்லிய நெம்புகோலையும் தன்னுடன் நகரச் செய்கிறது. பாட்டு ஓடும்போது ஆர்ம் ஒரு சுற்றுக்கு மயிரிழை அளவே நகர்வதால், சுழல்தட்டின் குடத்திலுள்ள சிறு மேடு ஒவ்வொரு சுற்றிலும் அந்த நெம்புகோலின் நுனியைத் தட்டிப் பின்னே தள்ளிவிடுகிறது. பாட்டு முடிந்து, கடைசியில் அகலமாக ஓடும் பள்ளத்தில் ஊசி விழுந்ததும் ஆர்ம் ஒரே சுற்றில் அதிக தூரம் தாவுகிறது. அப்போது நெம்புகோலின் நுனி பின்னே போக நேரமின்றிக் குடத்தில் சிக்கி, கேம் சக்கரத்தைத் தள்ளிவிடுகிறது. ஆர்ம் எங்கே இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை வைத்து முடிவெடுக்கும் இந்த எளிய ஏற்பாட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. ஊசியின் அழுத்தம் ஒன்றிரண்டு கிராம்தான் என்பதால், பள்ளத்தின் சுவர் இந்த நெம்புகோலைத் தள்ளும் பலமும் மிகமிகச் சிறியது. கொஞ்சம் பிசுக்கு இருந்தாலே ஊசி கடைசிப் பள்ளத்தில் டப் டப் என்று தாவிக்கொண்டே இருக்கும், ஆர்ம் எழும்பாது. ஆகவே இதை ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்து, உலர்ந்த நிலையிலேயே மாட்டுங்கள். மூச்சு விட்டாலே அசைய வேண்டும்.

மிளகைவிடச் சிறிய ஒரு ரப்பர்

டூயல்களில் அதிகம் கேட்கப்படும் குறை இது: ஆர்ம் அழகாக எழும்புகிறது, ஆனால் இசைத்தட்டின்பக்கம் நகராமல் எழுந்த இடத்திலேயே இறங்கிவிடுகிறது. முதன்மை நெம்புகோலின் முனையில் நிற்கும் சிறு முளையின்மேல் மாட்டியிருக்கும் ரப்பர் முனைதான் காரணம். ஜெர்மானியர்கள் இதை ஸ்டொயர்பிம்பெல் என்கிறார்கள். மிளகளவுகூட இருக்காது. அந்த ரப்பர், ஆர்மின் அடியிலுள்ள தகட்டைத் தொட்டு உராய்வினால் பற்றிக்கொண்டு அதைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்கிறது. ஐம்பது ஆண்டில் அது கருகிய மெழுகுபோலாகி உதிர்ந்துவிடும், அல்லது தொட்டாலே பொடியாகும். உலோக முளை மட்டும் மிஞ்சி நிற்கும், உலோகத்தின்மேல் உலோகம் வழுக்கி ஆர்ம் நகராது.

புதியதை வரவழைக்கலாம். நான் முதல்முறை சைக்கிள் கடையில் வால்டியூப் வாங்கித்தான் இதைச் சரி செய்தேன். வால்டியூபை முளையின்மேல் இறுக்கமாக மாட்டி, முளையின் நுனியைவிடச் சற்றே நீண்டிருக்கும்படி புதிய பிளேடால் நேராக வெட்டினேன். வெட்டு சாய்ந்தால் ஒரு விளிம்பு மட்டும் தொடும், பிடிப்பு போதாது. அதிகம் நீண்டால் பாட்டு ஓடும்போதும் தகட்டில் உரசிக்கொண்டிருக்கும். அப்போது ஊசி பள்ளத்தைவிட்டுத் தாவும், ஆர்மில் கோளாறு என்று தவறாக நினைத்துக்கொள்வீர்கள். ஆகவே முதலில் நீளமாக வெட்டி, பொருத்திப் பார்த்து, நூலிழை நூலிழையாகக் குறையுங்கள். மின்கம்பியின்மேல் இருக்கும் காப்புறையிலும் இதே வேலை நடக்கும், ஆனால் ரப்பரின் பிடிப்பு அதற்கு இல்லை. மாட்டியதும் அந்த ரப்பரையும் அது தொடும் தகட்டையும் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள், கைவிரல் எண்ணெய் பட்டாலே வழுக்கும்.

ஐட்லர், மோட்டார், மின்பகுதி

மோட்டார்க் கப்பிக்கும் சுழல்தட்டின் உள்விளிம்புக்கும் இடையே ரப்பர் ஓரம் கொண்ட ஐட்லர் சக்கரம் ஓடுகிறது. வேகம் மாற்றும்போது அது கப்பியின் வெவ்வேறு படிகளுக்கு ஏறி இறங்குகிறது. சுதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் குமிழைத் திருப்பும்போது, கப்பியின் மெல்லிய சாய்வில் சற்றே மேலும் கீழும் நகர்கிறது. ரப்பர் வழவழவென்று பளபளத்தால் மிக நுண்ணிய உப்புத்தாளால் சுற்றிலும் சமமாக ஓரிரு முறை உரசி, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். கப்பியையும் சுழல்தட்டின் உள்விளிம்பையும் துணி கறுக்காத வரை துடைக்க வேண்டும். விளிம்பில் பள்ளம் விழுந்து தொம் தொம் என்று தட்டினால் ரப்பரை மாற்றியே ஆக வேண்டும். ஐட்லரின் மைய அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

மோட்டார் தயங்கினால் அதன் தாங்கிகள் வறண்டிருக்கின்றன என்று பொருள். மோட்டாரின் மேல், கீழ் மூடிகளைக் கழற்றுமுன் அவை எந்தப் பக்கமாக இருந்தன என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தாங்கிகள் எண்ணெயை உறிஞ்சிவைத்துக்கொள்ளும் நுண்துளை வெண்கலத்தால் ஆனவை. அச்சைத் துடைத்து, தாங்கியைச் சுற்றியுள்ள வளையத்தில் எண்ணெய் ஊறும்படி சொட்டுச் சொட்டாக விட்டு, ஓர் இரவு வைத்துவிடுவது நல்லது. திரும்பப் பூட்டும்போது திருகுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கி, அச்சை விரலால் சுழற்றிப் பாருங்கள், அது சத்தமில்லாமல் நெடுநேரம் சுழன்று மெல்ல நிற்க வேண்டும்.

மின்விசைக் கூண்டுக்குள் தீப்பொறியை அடக்கும் சிறு கப்பாசிட்டர் ஒன்று உண்டு, 10 நானோஃபாரட் அளவுடையது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதை மாற்றிவிடுங்கள், ஏனென்றால் பழசாகி ஷார்ட் ஆனால் நிறுத்தினாலும் மோட்டார் நிற்காது. மாற்றாக எக்ஸ்2 என்று குறித்த, 275 வோல்ட் ஏசிக்குரிய கப்பாசிட்டரைத்தான் போட வேண்டும். சாதாரணக் கப்பாசிட்டர் இந்த இடத்துக்கு ஆபத்து. சென்னை ரிச்சி தெருவில் தேநீர் விலைக்குக் கிடைக்கும். சால்டரிங் பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்வதில் குறையொன்றுமில்லை.

ஆர்ம் அசையும்போது ஒலியை அடைக்கும் சிறு தொடர்பு விசையும் அடியில் இருக்கிறது. அதன் இதழ்கள் கறுத்திருந்தால் ஒருபக்க ஒலி மறையும், அல்லது மங்கும். ஆல்கஹாலில் நனைத்த கெட்டித் தாளை இதழ்களின் இடையே வைத்து இழுத்தால் போதும். ஊசி பொருந்தும் முனையின் தொடர்புகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேயுங்கள்.

ஆர்மைத் தூக்கி மெல்ல இறக்கும் பகுதியில் அரை மில்லியன் சென்டிஸ்டோக்ஸ் பாகுத்தன்மை கொண்ட, மிகக் கெட்டியான சிலிகான் எண்ணெய் உண்டு. ஆர்ம் தொப்பென்று விழுந்தால் அது வற்றியிருக்கிறது. இதற்கு வேறெந்த எண்ணெயும் மாற்றாகாது.

பூட்டி, சமன் செய்து, ஓட்டுதல்

எல்லாம் பொருந்திய பிறகு, கார்ட்ரிட்ஜ் மாட்டாமலேயே ஐந்தாறு முறை தானியங்கிச் சுற்றை ஓட்டிப் பாருங்கள். தயக்கமின்றி ஓடினால் மட்டும் ஊசியை மாட்டுங்கள். 1219 வந்த காலத்தில் பலர் மாட்டிய ஷூர் கார்ட்ரிட்ஜ்களை அந்நிறுவனம் 2018இல் செய்வதை நிறுத்திவிட்டது என்றாலும், அவற்றுக்குப் பொருந்தும் ஊசிகளை வேறு நிறுவனங்கள் இன்றும் செய்கின்றன. கார்ட்ரிட்ஜில் மாட்டும் கம்பி இழைகளில் வெள்ளையும் நீலமும் இடப்பக்கத்துக்கும், சிவப்பும் பச்சையும் வலப்பக்கத்துக்கும் உரியவை.

ஊசி அழுத்தக் குமிழையும் பக்க இழுப்பைத் தடுக்கும் குமிழையும் பூஜ்யத்தில் வைத்து, பின் எடைக்கட்டியை நகர்த்தி ஆர்ம் தராசுபோலத் தானாக மிதக்கும்படி செய்யுங்கள். அதன் பிறகு கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்ட அழுத்தத்தைக் குமிழில் திருப்பி, பக்க இழுப்புக் குமிழையும் அதே எண்ணில் வையுங்கள். 1219இல் ஒற்றை, பல என்று இரு நிலைகளுள்ள நெம்புகோல் ஆர்மின் அடியைச் சற்று உயர்த்தித் தாழ்த்துகிறது. ஒரே இசைத்தட்டு வாசிக்கும்போது அது ஒற்றையில் இருக்கிறதா என்று கவனியுங்கள், இல்லையென்றால் ஊசியின் கோணம் தவறும்.

ஊசி முதல் பள்ளத்துக்கு வெளியே விழுந்து ஓரத்தில் சறுக்கினாலோ, பாட்டுக்குள் இறங்கினாலோ, இறங்கும் இடத்தைச் சரிசெய்யும் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். அதற்குமுன் இசைத்தட்டின் அளவைத் தேர்வுசெய்யும் நெம்புகோல் 12 அங்குலத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். நான் ஒருமுறை அதைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

வேகத்தை அறிய, 180 கறுப்புக் கோடுகள் வட்டமாக அச்சிட்ட தாளைச் சுழல்தட்டின்மேல் வைத்து, 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாக எரியும் சிறு நியான் விளக்கின் அடியில் ஓட்டுங்கள். 50 ஹெர்ட்ஸில் அது நொடிக்கு 100 முறை மின்னுவதால், 33⅓ சரியாக இருந்தால் கோடுகள் நின்றபடியே தெரியும். மெல்ல நகர்ந்தால் சுதிக் குமிழைத் திருப்பி நிறுத்துங்கள்.

78 சுற்று அரக்கு இசைத்தட்டுகள் வைத்திருப்பவர்கள் அதே ஊசியால் அவற்றை வாசிக்கக் கூடாது. எல்பிக்குரிய ஊசியின் முனை ஏறத்தாழ 18 மைக்ரான் ஆரமுடையது, அரக்குத் தட்டின் பள்ளத்துக்கு ஏறத்தாழ 75 மைக்ரான் வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் உரசிச் சத்தம் மட்டும் போடும், ஊசியும் கெடும். கழற்றி மாட்டும் வசதியுள்ள 1219இல் இரண்டாவது கார்ட்ரிட்ஜ் ஏந்தி ஒன்றை வாங்கி, 78க்கான ஊசியை அதில் நிரந்தரமாகப் பொருத்திவைத்துக்கொண்டால், பாட்டியின் அரக்குத் தட்டுக்கும் நேற்று வாங்கிய எல்பிக்கும் இடையே மாறுவதற்குப் பத்து விநாடி போதும்.